அண்ணனுக்குப் பதில் நாலு பேர்

மதிப்பும் அன்பும் உள்ள யாசுமசா அண்ணாவுக்கு, தங்கை சிஸுரு தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

மழைக்காலம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆற்றங்கரை மைதானத்தின் ஓரத்தில் நீலப் பூக்கள் ஈரத்தில் கனத்துத் தலை தொங்கி நிற்கின்றன. குமாமொதோவில் புழுக்கம் தாங்காது என்று கேள்விப்பட்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும், கம்பெனி கொடுத்த அறையில் துணி காய்கிறது என்றும், உனக்குக் கீழே வேலை செய்பவர்கள் உன்னிடம் கொஞ்சம் பயந்தும் நிறையச் சிரித்தும் இருக்கிறார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நான் சுகம், அண்ணி சுகம், நம் கடைத்தெரு சுகம். என் மருந்துக்கடையும் சுகம். அடிபட்ட இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரி இந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகமாகவே விற்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. நம் கடைத்தெரு பேஸ்பால் அணி விடியற்காலை லீக்கின் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கினால், அந்த வாரமே மேலதிகாரியிடம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் அண்ணியிடம் காட்டியிருக்கக் கூடாது, ஆனால் கடிதம் வந்தபோது அண்ணி கடையில் நின்றுகொண்டிருந்தார், கையில் முட்டைக்கோஸ் வேறு. படித்துவிட்டு அதை என் கல்லாப் பெட்டிமேல் வைத்தார். "இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்து கிடைச்ச பதவி, சிஸுரு. முதல் தடவையா ஒரு தொழிற்சாலை முழுக்க இவர் பொறுப்புல இருக்கு. இப்ப விட்டுட்டு வந்தா, இவரே வேலை கத்துக்கொடுத்த பையனுக்குக் கீழ போய் உக்காரணும். ஒரு பந்துக்காகவா?" என்று கேட்டார். எனக்கும் அண்ணிக்கும் தெரியும், உனக்கு அது ஒரு பந்து இல்லை. அன்றைக்கு அண்ணி முட்டைக்கோஸை மறந்து போய்விட்டார்.

ஆகவே நீ எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி. உனக்குச் செய்தி அனுப்புகிறவன் நம் கேட்சர் ஒகுடா. அவன் மீன் விற்கிறவன். மீனைப்போலவே செய்தியையும் தலையும் வாலும் வெட்டித்தான் கொடுப்பான். "பதிமூணுக்கு நாலு, தோல்வி." "பதினாலுக்கு ரெண்டு, தோல்வி." அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நீ அங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாய். ரன் கணக்கைப் பார்த்தால் உனக்குப் பதில் பந்து போடும் பிட்சர்கள் மோசமானவர்கள் என்றுதான் தோன்றும். அது உண்மைதான், மோசமானவர்கள்தான். ஆனால் எப்படி மோசம் என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நீயும் என்னைப்போல் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாய்.

ரயில் நிலையத்தில் மேனேஜர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "பெரிசா ஒண்ணுமில்ல சிஸுரு. முதல்ல யார் பந்து போடறதுன்னு மட்டும் நீ சொன்னாப் போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்." பதினோரு வருஷமாக முதல் பந்தைப் போட்டது நீதான். அந்தப் பதினோரு வருஷமும் மற்றவர்கள் உன் பின்னால் நின்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கிளம்பிப் போன மறுவாரம் அணியை வரிசையாக நிற்க வைத்து, யார் தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். அவ்வளவு நல்ல ஷூக்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் முன்வந்தவர் தோஃபு கடை கமேயாமா. யோசித்துப் பார்த்தபோது சரியான ஆள் என்று தோன்றியது. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஐந்து மணி ஆட்டத்துக்கு வந்து நிற்பார்கள், அவரோ நடுராத்திரியே எழுந்து சோயா அரைக்கிறவர், அந்த நேரம் அவருக்கு மத்தியானம் மாதிரி. தீயணைப்பு நிலைய அணிக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸ் அவர் போட்ட பந்தைப் பார்த்து நான் உன்னைக்கூடக் கொஞ்சநேரம் மறந்துபோனேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்ற வேண்டும், அப்போது கரைமேலிருந்து அவர் மனைவி தோஃபு விற்கும் ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதினார். சோயாப் பால் காய்ந்துவிட்டது, வந்து உறைய வை என்று அர்த்தம். கமேயாமா பந்தை ஒகுடாவின் கையில் திணித்தார்.

"அண்ணே, இன்னும் ஒரே ஆளுதான், ஒரே ஒரு ஆளு" என்று ஒகுடா அவர் சட்டையைப் பிடித்தான்.

"பால் கெட்டுப்போனா நீ வந்து சாப்பிடுவியா?"

"சாப்பிடறேன். சத்தியமா சாப்பிடறேன்."

"உனக்காக நான் தோஃபு பண்ணலடா" என்று சொல்லிவிட்டு அவர் கரையேறி ஓடினார். நீ இருந்த காலத்தில் நம் ஆட்கள் யாரும் பேஸுக்குப் பேஸ் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு முதல் பேஸில் நிற்கும் மின்சாதனக் கடைக்காரர் பந்து போட்டார், அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. பதிமூன்றுக்கு நாலு. ஆனால் அண்ணா, அன்று காலை ஏழு மணிக்கு இந்த ஊரில் எல்லா வீட்டு மிசோ சூப்பிலும் தோஃபு இருந்தது, நம்மைத் தோற்கடித்த தீயணைப்பு நிலையத்தின் சமையலறை உட்பட. ஒகுடா இதை உனக்கு எழுதினானா?

அடுத்தது கோயில் குருக்கள் ரியோகாய். வேகம் இல்லை, ஆனால் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கிறார். ஊதுவத்தியைச் சாம்பலில் நட்டுவைப்பதுபோல் வைக்கிறார். பயிற்சியில் பார்த்துவிட்டு, நமக்கு விடிந்துவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். விவசாயக் கூட்டுறவு சங்க அணிக்கு எதிராக இறக்கினேன். அந்த அணியில் ஏறக்குறைய எல்லோரும் அவருடைய கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முதலில் மட்டை பிடித்து வந்தவர் கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர், எழுபது வயது. குருக்கள் அவருடைய மார்புக்கு நேராக, பலகாரத் தட்டை நீட்டுவதுபோல் ஒரு பந்தை நீட்டினார். கிழவர் அதை ஆற்றுக்குள் அனுப்பினார். ஒகுடா பந்து போடும் மேட்டுக்கு நடந்தான்.

"சாமி, அவருக்கு அந்த இடத்துல போட்டாத்தான் பிடிக்கும்."

"தெரியும்பா. அதான் அங்க போட்டேன்."

"சாமி, நாம ஜெயிக்கணும்."

"கூரை ஒழுகுதுப்பா" என்றார் குருக்கள்.

ஒவ்வொருவருக்கும் அவரவருக்குப் பிடித்த இடத்தில் பிரசாதம் போலப் போட்டுக்கொண்டே வந்தார். எட்டாவதாக வந்த ஒரு பையனை மட்டும் மூன்றே பந்தில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், மட்டை காற்றில் சுழலும்படி வெளியேற்றினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வேகம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவன் ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கோயில்மா" என்றார். பதினாலுக்கு இரண்டு. திருப்பணிக் கமிட்டி அடுத்த வாரமே கூடியது. எழுபது வயதில் இரண்டு தடவை பந்தை ஆற்றுக்குள் அடித்த மனிதர், கூரை மராமத்துக்கு மறுப்புச் சொல்லிப் பேசுவாரா? இப்போது இந்த மழையில் பிரதான மண்டபத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஓடுகள் அழகாக இருக்கின்றன. அவற்றில் கொஞ்சம் நம்முடையவை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் ஷீனா, டிரைவிங் பள்ளி ஆசிரியர். இவரைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. இவர் பந்து போடும்போது யாராலும் நைசாக அடுத்த பேஸுக்கு ஓடி ஒரு பேஸ்கூடத் திருட முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார், தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பார், பிறகு விரலை நீட்டி எல்லாம் சரி என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். அதற்குள் ஏதாவது மாறியிருக்குமோ என்று மறுபடி இடது பக்கத்திலிருந்து தொடங்குவார்.

"வாத்தியாரே, இது ரோடு இல்ல. பின்னால வண்டி வராது" என்று ஒகுடா கத்தினான்.

"வராதுன்னு நெனச்சவங்கதான் எங்கிட்ட ரெண்டாம் தடவை படிக்க வராங்க" என்றார் ஷீனா, திரும்பிப் பார்த்தபடியே.

நம் லீக்கின் விதி உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதினால்தான் என் ஆற்றாமை தீரும். ஆறு இருபதுக்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்து, சோற்றுருண்டையை வாயில் அடைத்து, வேலைக்குப் போகவேண்டும். நகராட்சி பூங்காத் துறை அணியும் நாமும் மூன்றே இன்னிங்ஸ் ஆடியிருந்தோம், நாம் ஒரு ரன் பின்னால் இருந்தோம், அவர்கள் சோர்ந்து போயிருந்தார்கள், நம் ஆட்கள் மட்டையைத் தேடி எடுத்துவிட்டார்கள். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். மூன்றுக்கு இரண்டு, தோல்வி. ஷீனா என்னிடம் வந்து, "விபத்து ஒண்ணும் இல்லாம முடிஞ்சுது" என்றார். அதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்.

இப்படியே ஆடி, கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றோம். எதிரே நகராட்சி வரி வசூல் துறையும் குடிநீர்த் துறையும் சேர்ந்த அணி. அவர்களும் நம்மைப்போலவே அடியில் கிடந்தார்கள். தோற்கிறவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். கமேயாமாவுக்கு அன்று பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஆர்டர். குருக்களுக்கு ஒரு சாவுச் சடங்கு. ஷீனாவின் மாணவர்களுக்கு லைசென்ஸ் தேர்வு. நான் மருந்துக்கடையில் உட்கார்ந்து, அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கப்போகிறான், அண்ணி அவனோடு பேசாமல் முட்டைக்கோஸ் நறுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மகோமே கடைக்குள் வந்தார்.

மகோமேயை நீ மறந்திருக்கலாம், நம் அணியில் பந்தே வராத வலது மூலையில் நிற்பவர். மலையடிவார வெந்நீர் ஊற்று விடுதியின் தலைமைப் பணியாளர், ஐம்பத்தெட்டு வயது. தலைவலி மாத்திரை வாங்கினார். பிறகு, "மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா, நான் வேணா மேட்டுல நிக்கறேன்" என்றார். பந்து போடுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, நிற்கிறேன் என்றார்.

"போட்டுப் பழக்கம் உண்டா?" என்றேன்.

"இல்லைங்க. ஆனா யாராவது நிக்கணும்ல."

அன்று காலை அண்ணி தேநீர்க் கெட்டிலோடு மைதானத்துக்கு வந்தார், உனக்காக இத்தனை வருஷத்தில் வராதவர். வலைக்குப் பின்னால் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயம். நம் ஆட்கள் என்ன நினைத்தார்களோ, அன்று மட்டையைப் பிடித்த விதமே வேறாக இருந்தது, நாலு இன்னிங்ஸில் ஒன்பது ரன் அடித்தார்கள். மகோமேயும் எப்படியோ நாலு ரன்னோடு தப்பித்து வந்துவிட்டார், அவர் பந்து மெதுவாக, எங்கோ யோசனையில் போவதுபோல் வந்துகொண்டிருந்ததால் அடிக்கிறவர்கள் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில்தான் அவருக்குக் கை சோர்ந்தது. இரண்டு பேரை எப்படியோ வெளியேற்றியபின், வரி வசூல் துறைப் பிரிவுத் தலைவரின் இடுப்பில் பந்து பட்டது.

பந்து பேட்டர்மேல் பட்டால் அவருக்கு முதல் பேஸ் இனாம், பிட்சர் தொப்பியைக் கழற்றித் தலையசைப்பது நம் வழக்கம். நீயும் செய்வாய், மூக்கைச் சொறிகிற நேரத்தில் முடித்துவிடுவாய். மகோமே தொப்பியைக் கழற்றினார். மேட்டிலிருந்து இறங்கினார். இடுப்பை வளைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அவருடைய விடுதியில், விருந்தாளி ஏறிய வண்டி மலைவளைவில் மறையும்வரை வாசலில் குனிந்தபடி நிற்பார்கள், முப்பது வருஷப் பழக்கம், பிரிவுத் தலைவர் முதல் பேஸ் வளைவில் மறைந்தால்தானே அவர் நிமிர முடியும்? பாதி வழி போன பிரிவுத் தலைவர் திரும்பிப் பார்த்தார். இவர் இன்னும் குனிந்திருந்தார். மனது கேட்காமல் அவரும் நின்று வணங்கினார். அவர் கால்கள் தன் பக்கம் திரும்பியதைத் தரையில் பார்த்த மகோமே இன்னும் கீழே குனிந்தார். பிரிவுத் தலைவர் அதற்கும் கீழே குனிந்தார். அம்பயர், நம் பல் டாக்டர், முகமூடியைக் கழற்றிவிட்டு எதற்கென்று தெரியாமல் தானும் வணங்கினார்.

அடுத்தவருக்கு முழங்கையில் பட்டது. அதற்கடுத்தவருக்குத் தொடையில். பேஸ்கள் நிறைந்து போயின, இனிமேல் யார்மேல் பட்டாலும் அவர்களுக்கு ஒரு ரன். பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் தொப்பி, இறக்கம், வளைவு, பதில் வணக்கம், பதிலுக்குப் பதில். ஒன்பதுக்கு ஐந்து, ஆறு, ஏழு. நகராட்சி அணித் தலைவர் அம்பயரிடம் ஓடினார்.

"அம்பயர், மணி ஓடுது. இப்படியே போனா அடுத்த இன்னிங்ஸ் கெடையாது."

"ஒரு மனுசன் மன்னிப்புக் கேக்கறப்ப பாதியில நிறுத்துன்னு எந்த விதியில இருக்கு? நீங்களே சொல்லுங்க, நிறுத்தறேன்" என்றார் பல் டாக்டர்.

தலைவர் தன் ஆட்களிடம் போய் உறுமினார். "இனிமே யாரும் திரும்பி வணங்கக் கூடாது. மேல பட்டா நேரா பேஸுக்குப் போங்க. பின்னால பாக்காதீங்க."

அடுத்து வந்தவன் குடிநீர்த் துறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞன், போன இலையுதிர்காலத்தில் நம் பக்கத்துத் தெருவில் கல்யாணம் செய்துகொண்டவன். அவனுக்கு முதுகில் பட்டது. ஒன்பதுக்கு எட்டு. மகோமே குனிந்தார். பையன் தலைவர் சொன்னபடி முன்னால் பார்த்துக்கொண்டு, காதுவரை சிவந்து, நேராக முதல் பேஸுக்குப் போய் நின்றான். மகோமேயும் ஒருவழியாக நிமிர்ந்து, பந்தை வாங்கிக்கொண்டு, மேட்டில் ஏறினார். அம்பயர் ஆட்டம் தொடரலாம் என்று கை காட்டினார். அப்போது கரையிலிருந்து ஒரு குரல். அவனுடைய மாமியார்.

"ஏம்ப்பா, வயசான மனுசன் அவ்வளவு குனியறாரு. உனக்குக் கழுத்தே இல்லையா? எங்க வீட்டுப் பேரைக் கெடுக்கவா வந்தே?"

பையன் தலைவரைப் பார்த்தான். மாமியாரைப் பார்த்தான். பிறகு பேஸைவிட்டு இரண்டடி முன்னால் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, மகோமேயை நோக்கி அழகாக, நிதானமாக, இடுப்புவரை வளைந்து வணங்கினான்.

"முதல் பேஸ்! போடுங்க!" என்று ஒகுடா அலறினான்.

மகோமே சொன்னதைச் செய்கிறவர். திடுக்கிட்டுப் போட்டார். அன்று காலை அவர் கையிலிருந்து நேராகப் போன ஒரே பந்து அதுதான். மின்சாதனக் கடைக்காரர் அதைப் பிடித்து, வளைந்திருந்த அந்த முதுகில், தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டு, "மன்னிக்கணும்" என்றார். பேஸைவிட்டு விலகி நிற்கிறவனைப் பந்தோடு தொட்டால் அவுட்தானே, மூன்றாவது ஆளும் அவுட். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபத்தொன்று.

நாம் முதல் பிரிவிலேயே இருக்கிறோம், அண்ணா.

யாரும் குதிக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கெட்டிலைச் சாய்த்துக்கொண்டே இருந்தார், கோப்பை நிறைந்து, கை நனைந்து, மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம், "அப்ப அவரு அங்கேயே இருக்கலாம்ல?" என்று கேட்டார். "இருக்கலாம் அண்ணி" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரணிக்கும் தேநீர் கொடுக்கப் போனார்.

இது நேர்மையான வெற்றியா என்று கடையைத் திறந்தபிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். மகோமேயிடமே கேட்டேன், வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினீர்களா என்று. "எந்த நேரத்தை?" என்றார். அவருக்கு ஆறு இருபது என்று ஒரு விதி இருப்பதே தெரியாது, வலது மூலையில் நிற்பவரிடம் யார் சொன்னோம்? அன்று மாலையே அவர் அவித்த இனிப்புப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, அடிபட்டவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் வாசலில் குனிந்துவிட்டு வந்தார். நான் பிளாஸ்திரிகளோடு பின்னால் போனேன். நகராட்சி அணித் தலைவர் என்னைப் பார்த்து, "பிட்சர் அடிப்பாரு, மேனேஜரம்மா மருந்து குடுப்பாங்க. நல்லா இருக்கு உங்க கடைத்தெரு" என்றார். பிறகு அந்த இனிப்பைக் கடித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் எங்க ஆளுங்களுக்கு வணங்காம இருக்கப் பயிற்சி குடுக்கணும். முடியும்னு தோணல" என்றார். அவர்கள் வருஷக்கடைசி விருந்தை மகோமேயின் விடுதியில்தான் வைக்கப்போகிறார்களாம்.

எனக்கு ஒன்று புரிந்தது. நீ வீசி நாம் ஜெயித்த காலத்தில், காலையில் கடையைத் திறக்கும்போது உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். நல்ல பெருமைதான், ஆனால் அது என் கையில் ஒட்டவில்லை, மற்றவர்கள் கையிலும் ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். ஜெயித்துவிட்டு எல்லோரும் மௌனமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்து போவோம். இப்போது பதினாலு ரன் வாங்கிக்கொண்டு தோற்ற காலையிலும் யாரும் உடனே கிளம்புவதில்லை. அடுத்த முறை அந்தப் பந்தை நான் போடவேண்டியிருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், அதனால் ஒவ்வொருவரும் மேட்டில் நிற்பவனைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் பொழுது விடிவதற்குமுன் எழுந்து, சட்டையைத் துவைத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற இந்த மனிதர்களை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும், ஆனால் இப்போதுதான் தெரியும். இந்த ஊரில் இவர்களோடு ஒரே தெருவில் கடை வைத்திருக்கிறேன் என்பதை யாராவது கேட்டால், இரண்டு முறை சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே நீ வரத் தேவையில்லை. கண்டிப்பாகத் தேவையில்லை. உன் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள், உன் ஆட்களை நன்றாக நடத்து, ஒரு வாரம் மழையென்றாலும் துணியை அறைக்குள் காயப்போடாதே. எங்களிடம் நாலு பிட்சர்கள் இருக்கிறார்கள், நாலு பேரும் திடமாக இருக்கிறார்கள். உன் உடம்பும் தோளும் நலமாக இருக்க இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். அண்ணி தனியாக எழுதுவார், செர்ரிப் பழம் பார்சலில் வருகிறது, அழுகுவதற்குமுன் பக்கத்து அறைக்காரருக்கும் கொடு.

இப்படிக்கு,
கடைத்தெரு அணியின் மேனேஜரும் உன் தங்கையுமான
சிஸுரு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குமுன் ஒரு சங்கதி. ஞாயிற்றுக்கிழமை நகரக் கோப்பையின் முதல் ஆட்டம். கமேயாமாவுக்குத் திருவிழா ஆர்டர், குருக்கள் தலைமைக் கோயிலுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார், ஷீனா தேர்வு நடத்துகிறார், மகோமே இடுப்பு பிடித்துக்கொண்டு என் கடையின் பின்னறையில் குப்புறப் படுத்திருக்கிறார். நீ சனிக்கிழமை வா. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறார் அண்ணி. ஒகுடா நீ தொடங்குவதில் அவ்வளவு உற்சாகமாக இல்லை, ஆனால் மகோமே படுத்தபடியே தலையைத் தூக்கி, "ஒரே ஒரு ஆட்டத்துக்கு உங்க அண்ணன வெச்சு எப்படியாவது சமாளிக்க முடியாதா?" என்று கவலையோடு கேட்டார். சமாளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.